தினமும் ஒரு படி: தைரியம் பழகுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எனக்குப் பயமாகவோ கூச்சமாகவோ இருக்கும் காரியங்களில் தினமும் ஏதாவது ஒன்றைச் சின்ன அளவில் செய்வது என்று ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். இது தெரிந்த பிறகு பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், சொந்தக்காரர்கள் என்று பலரும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு இது எப்படித் தொடங்கியது?

ஒரு பஸ்ஸில். கும்பகோணத்தில் தீபாவளித் துணி எடுத்துவிட்டு டவுன் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். ஒரு கையில் கட்டைப்பை, இன்னொரு கையில் கம்பி. சுந்தரபெருமாள்கோயில் ஸ்டாப்பிங்கில் இறங்க வேண்டும். பஸ் நின்றது. எனக்கும் வாசலுக்கும் நடுவில் ஏழெட்டுப் பேர். "இறங்கணும், நிறுத்துங்க" என்று சொன்னால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அப்போது எனக்கு 41 வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

பாபநாசத்தில் போய் இறங்கினேன். அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது "இங்க ஏன் நிக்கிற?" என்று கேட்டுவிடுவார்களோ என்று அதற்கும் பயந்து, இருட்டில் ரோட்டோரமாகவே திரும்பி நடந்தேன். பையின் காது விரலை அறுத்தது. வாழைக் கொல்லையைத் தாண்டும்போது கை மாற்றிக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் மாமியார் "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றார்கள். "பஸ் லேட்டுங்க அத்தை" என்றேன். நடந்த வலி இரண்டு நாளில் போய்விட்டது. அந்தப் பொய் ரொம்ப நாள் உறுத்தியது.

அடுத்த முறை டவுனுக்குப் போனபோது ஒன்றே ஒன்று செய்தேன். பஸ் ஏறின உடனேயே கண்டக்டரிடம், "சுந்தரபெருமாள்கோயில்ல இறங்கணும்ண்ணே" என்று சொல்லிவிட்டேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சரிம்மா" என்றார். முடிந்தது. சீட்டில் உட்கார்ந்த பிறகும் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் மனசு லேசாக இருந்தது. அப்படித்தான் தொடங்கியது.

தைரியம் பிறவியிலேயே வர வேண்டாமா? எங்கள் வீட்டில் எல்லாரும் பயந்த சுபாவம்.

சுபாவம் என்று ஒன்று இருப்பது உண்மைதான். ஒரே வீட்டில் அக்கா வாயாடியாகவும் தங்கை வாயில்லாப் பூச்சியாகவும் இருப்பதைப் பார்க்கிறோம். ஆனால் சுபாவம் எங்கே தொடங்குகிறோம் என்பதைத்தான் காட்டும்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977இல் இதைப் பற்றி எழுதினார். "என்னால் இது முடியும்" என்ற நம்பிக்கை நமக்கு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பார்த்து, நான்கு வழிகளைச் சொன்னார். நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது ஒன்று. பிறர் கொடுக்கும் ஊக்கம் ஒன்று. நம் உடம்பின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது இன்னொன்று. இவை எல்லாவற்றையும்விடப் பலமானது, நாமே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம். "நீ தைரியமா இரு" என்று நூறு பேர் சொல்வதைவிட, கடைக்காரரிடம் ஒரு தடவை "இது பழசு, மாத்திக் கொடுங்க" என்று சொல்லி வாங்கி வருவது அதிகம் வேலை செய்யும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பயந்து நழுவும்போது உடனே ஒரு நிம்மதி வரும் பாருங்கள், பயத்துக்கு உரம் போடுவது அந்த நிம்மதிதான். போன் அடிக்கிறது, பேசப் பயம், எடுக்காமல் விடுகிறோம், "அப்பாடா" என்று இருக்கிறது. நழுவினால் நிம்மதி என்று மனசு படித்துக்கொள்கிறது. அடுத்த முறை போன் அடித்தால் பயம் இன்னும் சீக்கிரம் வரும். பயம் போன பிறகு செய்யலாம் என்று நான் இருபது வருடம் காத்திருந்தேன். அது போகவே இல்லை. செய்யச் செய்யத்தான் குறைந்தது.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது?

நம் ஊர்ப் படித்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் கால் நனையும். இரண்டாவதில் கணுக்கால், நாலாவதில் முழங்கால். எந்தப் படியில் நின்றாலும் திரும்பி ஏறிவிடலாம். அதனால்தான் குழந்தையும் இறங்குகிறது, கிழவியும் இறங்குகிறாள். உங்கள் பயத்துக்கும் அப்படிப் படி கட்ட வேண்டும்.

பயத்துக்குப் பத்துக்கு மார்க் போடச் சொல்வேன். பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை, பத்து என்றால் ஓடிவிடத் தோன்றும். இன்றைக்குச் செய்ய வேண்டியது மூன்று, நாலு மார்க் காரியம். ஒன்றும் தோன்றாமல் செய்தால் அது பழக்கமான வேலை. எட்டுக்கு மேல் போனால் அது இன்றைய படி இல்லை.

என்னிடம் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி வகுப்பில் சந்தேகமே கேட்க மாட்டாள். அவளும் நானும் சேர்ந்து எழுதியதைச் சொல்கிறேன். முதல் வாரம், டீச்சர் வரும்போது நிமிர்ந்து பார்த்து "குட் மார்னிங் மிஸ்". அடுத்து, வகுப்பு முடிந்த பிறகு தனியாகப் போய் ஒரு சந்தேகம். அப்புறம், பெஞ்ச் தோழி கேட்க வேண்டிய சந்தேகத்தை அவளுக்காக இவள் கேட்பது. (தனக்காகக் கேட்பதைவிட அடுத்தவருக்காகக் கேட்பது நம்மில் பலருக்குச் சுலபம். அந்தச் சுலபத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை.) கடைசியில் வகுப்பு நடுவில் கை தூக்குவது. கடைசிப் படிக்கு வர அவளுக்கு ஒரு பருவம் ஆனது. அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "மிஸ், கேட்டுட்டேன் மிஸ்" என்று வாசலில் நின்று கத்தினாள். டீச்சர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். அதைக் கவனிக்கவே இல்லையாம்.

ஒரே அடியாகக் குதித்தால் சீக்கிரம் பயம் போகாதா?

சிலருக்குப் போகும். போகாதவர்களுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். எனக்கு ஏழு வயதிருக்கும்போது மாமா ஒருவர், "தூக்கிப் போட்டா தானா நீந்தும்" என்று குடமுருட்டி ஆற்றில் என்னைத் தூக்கிப் போட்டார். என்னோடு சேர்த்துப் போடப்பட்ட அண்ணன் அன்றே நீந்தக் கற்றுக்கொண்டான். நான் தண்ணீர் குடித்து, இருமி, வெளியே எடுக்கப்பட்டேன். அதற்குப் பிறகு ஆற்றங்கரையிலேயே வளர்ந்தும் இந்த வருடம் வரை கணுக்காலுக்கு மேல் ஆற்றில் இறங்கியதில்லை. மாமா கெட்டவர் இல்லை, அந்தக் காலத்தில் அப்படித்தான் பழக்கினார்கள்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்று உளவியலில் பெயர் பெற்றது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் 1924இல் அதைப் பதிவு செய்தார். பீட்டர் என்று ஒரு குழந்தை, சுமார் 3 வயது. முயலைக் கண்டால் அலறும். அவர் குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, கூண்டில் இருந்த முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார். குழந்தை நிம்மதியாகச் சாப்பிடும் அளவுக்குத்தான் கிட்டே கொண்டுவருவது என்று நாள் நாளாக நகர்த்தினார். கடைசியில் அந்தப் பிள்ளை முயலைத் தொட்டுத் தடவி, தன் விரலை அது கொறிக்கவும் விட்டது. இன்று பயத்துக்குச் சிகிச்சை தருகிறவர்கள் படிப்படியாகப் பழக்கும் முறைக்கு அதை முன்னோடியாகச் சொல்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு மாமாவும் குடமுருட்டியும்தான் கண்முன் வந்தார்கள்.

நெஞ்சு படபடக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

அது அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பு தயாராகிறது, அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை. ஏறிய படபடப்பு அப்படியே நிற்காது, நீங்கள் இடத்தை விட்டு நகராமல் இருந்தால் இறங்கும். எனக்கு முதல் ஒரு நிமிடம்தான் மோசம்.

நான் செய்வது இரண்டு. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாக்குவேன். அப்புறம், படபடப்பை மறைக்காமல் சொல்லிவிடுவேன். "எனக்குக் கொஞ்சம் படபடப்பா இருக்குங்க, மெதுவா சொல்றேன்" என்றால் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் இளகிவிடுகிறார். "பரவாயில்ல, நிதானமா சொல்லுங்க" என்று நாற்காலியைக் காட்டியவர்கள் உண்டு.

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம்தான் பெரிய தடை.

எனக்கும் அதுதான். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் சேர்ந்தவர்களும் நடத்திய சோதனை ஒன்று 2000இல் வெளியானது. ஒரு மாணவரை வெட்கப்படும்படியான படம் போட்ட டீ ஷர்ட் போட வைத்து, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அப்படிப் போட்டவர்களிடம் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், ஏறக்குறையப் பாதிப் பேர் என்று சொன்னார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் நீங்கள் தனியாக ஹோட்டலுக்குள் போய் உட்கார்ந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். யாரும் உங்களைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் கிராமத்தில் அப்படி இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் நான் ஸ்கூட்டி பழகியபோது எல்லாரும் பார்த்தார்கள். கடைசி வீட்டுப் பாட்டி, "இந்த வயசுல எதுக்குடி?" என்று கேட்கவே கேட்டார். நம் ஊரில் நாலு பேர் என்பது கற்பனை இல்லை, அவர்களுக்குப் பேர் இருக்கிறது. ஆகவே யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று உங்களுக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். கவனிப்பார்கள், பத்து நாள் பேசுவார்கள். பதினோராவது நாள் யார் வீட்டிலாவது கல்யாணமோ சண்டையோ வரும். அதே பாட்டி ஆறு மாதம் கழித்து, கண் ஆஸ்பத்திரிக்குப் போக என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பெண்களுக்கு வேறு மாதிரி யோசனை உண்டா?

தனியாகப் போகும் பழக்கத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். 2021இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காசு ஒரு தடையாக இருந்தது போய்விட்டது, மிச்சம் இருப்பது கூச்சம். வாரத்தில் ஒரு நாள் வேலையே இல்லாமல் ஒரு ஊருக்குப் போய் வரலாம். நான் தாராசுரம் கோயிலுக்கு அப்படித் தனியாகப் போய், யாருக்கும் அவசரம் இல்லாமல் கல்லில் செதுக்கிய சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன். வரும் வழியில் ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து காபி குடித்தேன். டவராவில் ஆற்றி, நுரை அடங்குகிற வரைக்கும் காத்திருந்து குடித்தேன். வீட்டில் எல்லாருக்கும் ஆற்றிக் கொடுத்து, எனக்கென்று கடைசியில் ஆறிப்போன காபியையே குடித்துப் பழகியவளுக்கு அது பெரிய விஷயம்.

ஆபீஸ்களில் கேட்கப் பயமாக இருக்கிறது. நமக்கு எதற்கு வம்பு என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்விக்கு நீளமாகவே சொல்ல வேண்டும். டெல்டாவில் நம் பயத்தில் பாதி, கவுன்ட்டர் முன்னால் நிற்கும் பயம். நகை வைத்துப் பயிர்க்கடன் வாங்குவதிலிருந்து பட்டா மாற்றம், நெல் போடுவது வரை எல்லாவற்றிலும் யாரிடமாவது போய் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். குனிந்து நின்றே பழகிவிட்டோம்.

ஒரு வருடம் எங்கள் சம்பா நெல் ஒரு கொள்முதல் நிலையத்தில் குவியலாகக் கிடந்தது. "ஈரம் ஜாஸ்தி, காயப் போடுங்க" என்று மூன்று நாளாகத் திருப்பினார்கள். ஈரப்பதம் 17 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி, மழை கெடுத்த வருடங்களில் அரசு அதைத் தளர்த்துவதும் உண்டு. என் வீட்டுக்காரர் பேசாமல் திரும்பத் திரும்பக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் நான் போனேன். போகும் வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: "சார், மீட்டர் என்ன காட்டுதுன்னு நானும் பார்க்கலாங்களா?" சண்டை போடவில்லை, குரலும் உயரவில்லை. நிலையத்தில் இருந்தவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி மீட்டரில் போட்டு என் பக்கம் திருப்பினார். 16 சொச்சம் காட்டியது. சாயங்காலம் எங்கள் நெல் 40 கிலோ மூட்டைகளாகத் தைக்கப்பட்டது. பக்கத்துக் குவியல்காரர் வந்து, "என்னான்னு கேட்டீங்க?" என்றார். சொல்லிக் கொடுத்தேன்.

கேள்வியாகக் கேட்பது முதல் படி. குற்றம் சொல்வது ஏழாம் படி, அதில் இன்றைக்கே இறங்க வேண்டாம். "இது எந்த விதிப்படிங்க?", "எந்தத் தேதிக்கு வரட்டும்?", "மனுவுக்கு ரசீது தருவீங்களா?" இந்த மூன்றும் வாயில் வராத அளவுக்குப் பயமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபை இதற்கு நல்ல பயிற்சி இடம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் யார் வேண்டுமானாலும் போகலாம், பேசலாம். முதல் முறை போய் உட்கார்ந்து மட்டும் வாருங்கள். இரண்டாவது முறை கையெழுத்துப் போடுங்கள், தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது முறை உங்கள் தெருவைப் பற்றி ஒரே ஒரு வரி பேசுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் இப்படியே பழகலாம்.

நேரில் பேசவே முடியாது என்பவர்களுக்கு எழுத்து இருக்கிறது. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூச்சப்படுகிறவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

வலிக்கும். அன்றைக்கு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். என் பழைய நோட்டைப் புரட்டினால், பயந்தது ஒன்றும் நடந்தது வேறுமாகத்தான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. மறுப்பு வந்த நாட்களும் நிறைய. அவற்றில் ஒன்றுகூட நான் பயந்த மாதிரி வரவில்லை.

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி சுலபமா?

இல்லை. இதைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டு நின்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. பெண்களும் குழந்தைகளுமே அதிகம். இந்த மண்ணில் கேட்பதற்கு எல்லாரும் ஒரே விலை கொடுத்ததில்லை. இன்றும் ஒருவருக்குக் கூச்சமாக மட்டும் இருக்கும் காரியம், இன்னொருவருக்கு வேலையையோ வீட்டையோ பறிக்கும் காரியமாக இருக்கலாம்.

ஆகவே உங்கள் நிலைமையை நீங்கள்தான் எடை போட வேண்டும். அபாயம் உண்மையாகவே இருக்கும் இடத்தில் தனியாகப் போகாதீர்கள். சங்கம், குழு, கூட வரும் இரண்டு பேர் என்று ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். வீட்டில் அடிப்பவர் இருந்தால் அங்கே இந்தப் படிக்கணக்கு எல்லாம் உதவாது, பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யுங்கள். அதே சமயம், கேட்பதால் எதையும் இழக்கப் போகாத இடத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்வேன். டீக்கடையில், பந்தியில், வாய்க்கால் பஞ்சாயத்தில் ஒருவரைக் குறைவாக நடத்துவதைப் பார்த்தால், நீங்கள் "ஏன் இப்படி?" என்று கேளுங்கள். உங்களுக்கு அது மூன்று மார்க் பயம். அவருக்கு அது பத்து.

இவ்வளவு சின்னச் செயலால் என்ன மாறிவிடப் போகிறது?

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டது. ஏப்ரல் 28 அன்று போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் நம் ஊர்கள்தான். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் சிறை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி, அவர்கள் வரும் பாதையில் மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யாரும் யாருக்கும் சோறு போடவில்லை, மரத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

பொட்டலம் கட்டிய அந்தப் பெண்களை நான் அடிக்கடி நினைப்பேன். அவர்கள் உப்பு அள்ளப் போகவில்லை, பேர் எதிலும் வரவில்லை. விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டி, இலையில் மடித்து, கயிறு போட்டுக் கட்டி, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்திருப்பார்கள். கை நடுங்கித்தான் இருக்கும். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்கே போனார். அவரவர் கையில் இருந்த வேலையில், அவரவரால் முடிந்த அளவு.

எது தைரியத்தில் சேராது?

ஆடிப்பெருக்குக்கு வெள்ளம் ஓடும்போது பாலத்திலிருந்து குதிப்பது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இறங்குவது. வருடா வருடம் பிள்ளைகள் சாகிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னவர்கள் கோழைகள் இல்லை, ஆற்றோடு வாழ்ந்தவர்கள். ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடுவது, வீட்டுக்குள் வந்த பாம்பை நாமே பிடிப்பது, இவையும் அப்படித்தான். பயம் சரியாக வேலை செய்யும் இடங்கள் உண்டு, அங்கே அதன் பேச்சைக் கேட்க வேண்டும்.

என் குழந்தை ரொம்பக் கூச்சப்படுகிறது.

விருந்தாளி முன்னால் "இவ வெட்கப்படுவா" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். குழந்தை அதைத் தன் பேராகவே எடுத்துக்கொள்ளும். பாட்டுப் பாடு, ரைம்ஸ் சொல்லு என்று நடுக்கூடத்தில் நிறுத்தவும் வேண்டாம். மளிகைக் கடைக்குச் சீட்டு இல்லாமல் அனுப்புங்கள், கால் கிலோ வெல்லம் என்று அதுவே வாய் திறந்து கேட்கட்டும். நீங்கள் தெருமுனையில் நின்றால் போதும்.

எனக்கு 65 வயது. இனிமேல் எதற்கு?

எங்கள் மாமியாருக்கு 70. போன மாதம் ஏடிஎம்மில் தானே கார்டு போட்டுப் பணம் எடுத்தார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். ஐந்நூறு ரூபாய் நோட்டு இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தவர்கள், வீடு வரைக்கும் பேசவே இல்லை. முகத்தில் சிரிப்பு மட்டும் இருந்தது.

பத்து நாள் செய்தேன், விட்டுப்போய்விட்டது.

எனக்கும் விட்டுப்போகும். நடவு நேரம், அறுவடை நேரம், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாத நேரம் என்று வாரக்கணக்கில் போய்விடும். திரும்ப வரும்போது பழைய பயம் கொஞ்சம் ஏறியிருக்கும். வாய்க்காலைப் பாருங்கள். போன வருடம் நன்றாக ஓடியது என்பதற்காக இந்த வருடம் சும்மா விட முடியுமா? மேட்டூர் திறப்பதற்கு முன்னால் கோடையில் தூர் வாரித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. தூர் சேர்ந்தது வாய்க்காலின் குற்றம் இல்லை. விட்ட படியிலிருந்து தொடங்காமல் இரண்டு படி மேலே ஏறி, சுலபமானதிலிருந்து தொடங்குங்கள்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நிலை எது?

பயத்தால் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் இருந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், திடீரென்று மூச்சு முட்டி உயிரே போவதுபோல் வந்தால், தனியாகப் போராட வேண்டாம். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அன்றைக்கே பேச வேண்டும். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணைப் போடுவதும் ஒரு தைரியமான காரியம்தான், அதை எட்டாம் படி என்று தள்ளிப் போடாதீர்கள்.

நீங்கள் இப்போது எந்தப் படியில் இருக்கிறீர்கள்?

தண்ணீரில். ஐந்து வருடமாக எல்லாவற்றையும் செய்தும், குடமுருட்டியை மட்டும் தள்ளி வைத்திருந்தேன். இந்த ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, புதுத்தண்ணீர் வந்து, ஓட்டம் நிதானமான பிறகு தொடங்கினேன். சின்ன வயதிலிருந்து நீந்தும் சித்தி ஒருவர் எப்போதும் எனக்குக் கீழ்ப்படியில் நிற்பார்கள். அவர்கள் இல்லாமல் இறங்குவதில்லை. தண்ணீர் ஏறின நாளில் கரையோடு சரி.

முதல் வாரம் முழங்கால். படியில் பாசி வழுக்கும், அதனால் பக்கச் சுவரில் கை வைத்துக்கொண்டே இறங்குவேன். இடுப்பு வரை வர இருபது நாள் ஆனது. தண்ணீர் வயிற்றைத் தொடும்போது ஏழு வயதில் மூக்கில் ஏறிய அதே வாசனை, களிமண்ணும் வேரும் கலந்த வாசனை வரும், உடம்பு தானாகப் பின்னால் போகும். சித்தி எதுவும் சொல்ல மாட்டார்கள், கையை மட்டும் நீட்டியபடி நிற்பார்கள்.

இன்று காலை மார்பு வரைக்கும் இறங்கி, கண்ணை மூடி, ஒரே ஒரு முழுக்குப் போட்டேன். எழுந்தபோது தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "போதுமாடி?" என்றார்கள் சித்தி. போதும் என்றேன். நாளைக்கும் அதே படிதான்.